பதினைந்து நிமிடத்துக்கு மேல்

ஏசுபாதம் மொட்டைமாடிக்குக் குடிபோன சங்கதி மாடம்பாக்கத்தில் அந்தத் தெரு முழுக்கத் தெரியும். தெரியாமல் இருக்க அவர் மகன் ஆல்வின் விட்டால்தானே. கொரோனா இரண்டாவது அலை அடித்த ஏப்ரல் கடைசியில் ஏசுபாதத்தின் லோடு வண்டிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றும் வேலை வந்தது. ஜி.எஸ்.டி. ரோடு நெடுக இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்கு ராத்திரி பகல் இல்லாமல் சுமந்தார். அன்றைக்கே ஆல்வின், "அப்பா, நீ இனிமே வூட்டுக்குள்ள வராத. ரேஷ்மாவுக்கு எட்டாம் மாசம். மேல கொட்டாயில இருந்துக்கோ" என்று முடித்துவிட்டான்.

வீட்டுக்கு வெளியில் மாடிப்படி. மொத்தம் பதினாலு. ஏழாவது படியில் ஆல்வின் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தான். கீழே இருந்து வரும் சாப்பாட்டுத் தட்டு அந்தப் படி வரைக்கும் போகும். மேலே இருந்து ஏசுபாதம் இறங்கி வந்து எடுத்துக்கொள்வார். தட்டு அவருக்கென்று தனி, கழுவுவதும் அவரே. போகிற வருகிறவர்களிடம் எல்லாம் ஆல்வின் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டான். தெருவில் நாலு வீட்டில் சாவு விழுந்திருந்த மே மாதம் அது. அவன் பெருமையில் தப்பும் சொல்ல முடியாது.

அவன் அம்மா கங்கம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. மூன்று லிட்டர் கிரைண்டரை வைத்துக்கொண்டு இட்லி மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டு அந்தத் தெருவுக்கே கொடுக்கிறவள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு வேறு பேர் வைத்தார்கள். அந்தப் பேரைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை, அவளே மறந்துவிட்டாள். கத்திரி வெயிலில் மாவு சீக்கிரம் புளித்துப் பொங்கும் என்பதால் விடிய நாலு மணிக்கே கிரைண்டர் ஓடும். மத்தியானம் வேலை ஒழிந்ததும் மருமகளின் வீங்கின காலைத் தன் மடியில் போட்டு வேப்பெண்ணெய் தடவி நீவிவிடுவாள். அந்த நேரத்தில்தான் ரேஷ்மா மனசு திறந்து பேசுவாள். அவள் கூடுவாஞ்சேரிப் பெண், பேச்சு கொஞ்சம் நறுவிசாக இருக்கும்.

"அத்தை, அவரு என்னைத் தொட்டு ரெண்டு மாசம் ஆச்சு. புள்ள உதைக்குது, கை வச்சுப் பாருங்கன்னேன். சானிடைசர் போட்டுட்டு வரேன்னு போனவருதான், ஹால்லயே படுத்துட்டாரு."

"அவன் பயந்தாங்கொள்ளி. சின்ன வயசுலயே பல்லிய பாத்தா கட்டில் மேல ஏறிக்குவான்" என்று கங்கம்மா சிரிப்பாள். மருமகள் சிரிக்கமாட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆல்வின் ரேஷ்மாவை ஸ்கேன் எடுக்கத் தாம்பரத்துக்குக் கூட்டிப் போயிருந்தான். பத்து மணி வாக்கில் ஏசுபாதத்தின் வண்டி வந்து நின்றது. இரண்டு நாளாகத் தூங்காத மனிதர், யாரையும் பார்க்காமல் மேலே போனார். கங்கம்மா கருவாட்டுக் குழம்பும் சோறும் தட்டில் போட்டு ஏழாம் படியில் வைத்துவிட்டு வந்தாள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தட்டு அப்படியே இருக்கிறது, எறும்பு ஏறிக்கொண்டிருக்கிறது.

"யோவ், சோறு எடுக்கல?"

பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். அதற்கும் இல்லை. தட்டைத் தாண்டி, கோட்டைத் தாண்டி மேலே ஓடினாள். தகரக் கூரை அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. ஏசுபாதம் தண்ணித் தொட்டி ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் மடியில் மல்லாக்க விரித்து வைத்திருந்தார்.

"கிட்ட வராத கங்கா."

"வந்துட்டேன். இன்னான்னு சொல்லு."

"ஒண்ணியும் இல்ல, நீ போ."

"சோறு துன்னாம குந்திக்கினு கீற, ஒண்ணியும் இல்லன்றியே. சொல்லுய்யா."

அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு பேசினார். "ஆஸ்பத்திரி கேட்டாண்ட ஒரு பொம்பளமே. ஆட்டோக்குள்ள படுக்க வச்சிருந்தாங்க. உன் வயசுதான் இருக்கும். நான் வண்டிய நிறுத்தறதுக்குள்ள அவ புருசன் ஓடியாந்து ஒரு சிலிண்டர கட்டிப் புடிச்சிக்கினான். இது ஆஸ்பத்திரிக்கு எழுதினது, கைய எடு சார்னு நான் இஸ்தேன். அவன் வுடல. நான்தாமே புடுங்கினேன், இந்தக் கையாலதான். உள்ள எறக்கிட்டு வெளிய வரேன், அந்தம்மா போய்ச் சேந்துட்டா. அவன் என்ன ஒண்ணும் சொல்லல கங்கா. சும்மா பாத்துக்கினே நின்னான்."

கங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பதினைந்து நாளாகத் தொடாத கை. சோப்பும் துருவும் நாறியது.

அதற்குப் பிறகு நடந்தது புருஷன் பெண்டாட்டிக்குள் நடக்கிறதுதான். அதை ஆசை என்று மட்டும் சொன்னால் பொய். சாவைப் பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு உயிரோடு ஓர் உடம்பு பக்கத்தில் வேண்டியிருந்தது. அவளுக்கும் வேண்டியிருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். தோளுக்கு வளர்ந்த பிள்ளை வந்த பிறகு, மருமகள் வந்த பிறகு, ஒற்றை அறையும் ஹாலுமான வீட்டில் அவர்களுக்கென்று ஒரு கதவு சாத்தி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. முடிந்ததும் ஆறிப்போன சோற்றை இரண்டு பேரும் ஒரே தட்டில் எறும்பைத் தட்டிவிட்டுத் தின்றார்கள். தெருமுனையில் ஆல்வினின் பைக் சத்தம் கேட்டதும் கங்கம்மா பதினாலு படியையும் நாலே தாவலில் இறங்கினாள். இறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை ஏசுபாதத்துக்குக் காய்ச்சல். சனிக்கிழமை காலையில் ஆல்வினின் போனுக்கு பாசிட்டிவ் என்று செய்தி வந்தது. சர்க்கரை உள்ள உடம்பு என்பதால் வீட்டில் வைக்கக் கூடாது என்று சொல்லி, கல்லூரி ஒன்றில் போட்டிருந்த முகாமுக்கு வண்டியில் ஏற்றிப் போனார்கள். வண்டி போன கையோடு காய்ச்சல் கணக்கெடுக்கிற பெண் விஷ்ணுப்ரியா வாசலுக்கு வந்தாள். கல்லூரி முடித்த பெண், நீல அங்கியும் முகத்துக்குக் கண்ணாடித் தகடுமாக வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றாள். கையில் ஒரு ஃபாரம்.

எதிர்வீட்டு நாகலக்ஷ்மி ஜன்னலில் இருந்தாள். அடுத்த வீடுகளிலும் தலைகள் தெரிந்தன. வாசலில் ஆல்வினும் ரேஷ்மாவும் நின்றார்கள்.

"அங்கிளோட யாருக்காவது காண்டாக்ட் இருந்துச்சா ஆன்ட்டி?" என்று விஷ்ணுப்ரியா கேட்டாள்.

கங்கம்மாவுக்கு ஜிவ்வென்று ஏறியது. அந்தத் தெருவில் காண்டாக்ட் என்றால் ஒரே அர்த்தம்தான். தண்ணிக் கேன் போடுகிறவனுக்கும் கோடி வீட்டுக்காரிக்கும் இருந்தது காண்டாக்ட். அது வெளியே தெரிந்து இரண்டு குடும்பம் ஊரைவிட்டே போனது.

"இன்னா பொண்ணு பேசற நீ? என் வூட்டுக்காரரு அந்த மாதிரி ஆளு கெடையாது. கல்யாணமாயி இருவத்தாறு வருசம் ஆவுது, எவளோடவும் ஒரு காண்டாக்ட்டும் கெடையாது. உனக்கு எவ சொன்னா? பேரச் சொல்லு, இப்பவே போயி கேக்கறேன்!"

நாகலக்ஷ்மி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சாவு வீடுகளுக்கு நடுவில் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு மாசமாகச் சிரிக்காத தெரு, கிடைத்த சாக்கில் சிரித்துத் தீர்த்தது.

"ஐயோ மா, அந்தக் காண்டாக்ட் இல்லமா" என்று ஆல்வினும் சிரித்தான். "அப்பாகிட்ட யாராவது போனாங்களா, தொட்டாங்களான்னு கேக்கறாங்க."

விஷ்ணுப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபாரத்தைப் பார்த்தாள். "ஆறடிக்குள்ள, பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல யாராவது பக்கத்துல இருந்தீங்களா? வொய்ஃப்னா ஃபர்ஸ்ட் உங்களத்தான் ஆன்ட்டி கேக்கணும்."

"அவங்கள போயி கேக்கற பாரு" என்றாள் நாகலக்ஷ்மி. "பேரன் எடுக்கப் போறவங்களுக்கு இன்னாத்துக்குமா அதெல்லாம்!"

மறுபடியும் சிரிப்பு. கங்கம்மாவின் காது மடல் வரைக்கும் சுட்டது. சொல்ல வந்த உண்மை அந்தச் சிரிப்பில் மாட்டிக்கொண்டது.

"இல்ல" என்றாள். "ஒண்ணியும் இல்ல."

"ஏழாம் படி தாண்டினதில்ல மேடம், எங்க வூட்ல அவ்ளோ ஸ்ட்ரிக்ட்டு" என்றான் ஆல்வின். விஷ்ணுப்ரியா ஃபாரத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, கதவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்குப் பிடித்தது கங்கம்மாவைப் பயம். தனக்கு என்ன ஆகும் என்ற பயம் இல்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மத்தியானத்தில் மருமகளின் காலை மடியில் வைத்து நீவியிருக்கிறாள். ஒரே தலையணையில் சாய்ந்து பேசியிருக்கிறாள். நாலாம் தெருவில் ஒன்பது மாச கர்ப்பிணி ஒருத்தி வயிற்றுப் பிள்ளையோடு போன செய்தி ஒரு வாரத்துக்கு முன்னால்தான் வந்தது. அந்தப் பெண்ணுக்கும் இவள்தான் மாவு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து புருஷனுக்குப் போன் போட்டாள்.

"மூச்சு எப்படிக் கீது?"

"பரவால்ல. இங்க நூறு பேரு கீறோம். ஒருத்தன் இருமினா எல்லாரும் அவனையே பாக்கறானுங்க. நீ எப்படிக் கீற?"

"நல்லாத்தான் கீறேன். யோவ், அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான் இல்லன்னுட்டேன்."

அந்தப் பக்கம் அவர் இருமினார். "தப்பு பண்ணிட்ட கங்கா. சொல்லிடு."

"நீ சொல்லேன் உன் புள்ளைகிட்ட."

"நானா? நான் எப்டிமே சொல்வேன்? நீ தனியா போயி டெஸ்ட் எடுத்துக்கினு வந்துடு."

"எடுத்தா ரிசல்ட்டு எதுல வரும்? அவன் போனுலதான வரும். ஆதாரு, ரேஷன் எல்லாத்துக்கும் அவன் நம்பருதான குடுத்து வச்சிக்கீது. எதுக்கு எடுத்தன்னு கேட்டா இன்னா சொல்றது?"

நோயைக்கூடச் சொல்லிவிடலாம், இதை எப்படிச் சொல்வது என்று ஆளுக்கொரு மூலையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கங்கம்மா வீட்டுக்குள்ளேயே மாஸ்க்கைப் போட்டுக்கொண்டாள். பல்வலி, காற்று படக் கூடாது என்றாள். கிரைண்டர் ஓடவில்லை என்று சொல்லி மாவு ஆட்டுவதை நிறுத்தினாள். பின்கட்டிலேயே உட்கார்ந்தாள், அங்கேயே சாப்பிட்டாள். மத்தியானம் ரேஷ்மா காலை நீட்டிக்கொண்டு காத்திருந்து பார்த்துவிட்டு, மெதுவாக எழுந்து போய் கிரைண்டர் சுவிட்சைத் தட்டினாள். அது ஜம்மென்று சுற்றியது.

"ஓடுதே அத்தை" என்றாள் கதவருகே நின்று. "ஏன் பொய் சொல்றீங்க? என் மேல கோவமா? ஸ்கேனுக்குப் போறப்ப ஆட்டோ கேட்டேன்னு கோவமா?"

"உன் மேல இன்னாடி கோவம். போயி படு."

"மாமாவுக்கு உடம்பு சரியில்லாம போனதுக்கு நான் இந்த வீட்டுக்கு வந்த நேரம்தான்னு நினைக்கறீங்களா?"

"கர்த்தர் சத்தியமா இல்ல. போயி படுமா, கெஞ்சிக் கேக்கறேன்."

ரேஷ்மா அழுதுகொண்டே போனாள். கங்கம்மா எழுந்து போய் ஆற்றவும் முடியாமல் கல்லிலேயே உட்கார்ந்து ஜெபம் பண்ணினாள். கண்ணை மூடினால் ஏசு வரவில்லை, நாகலக்ஷ்மியின் சிரிப்புதான் வந்தது.

திங்கட்கிழமை காலையில் ரசத்துக்குத் தாளித்தாள். பெருங்காயத்தை எண்ணெயில் போட்டாள். பொரிந்தது, வாசனை வரவில்லை. டப்பாவைத் திறந்து மூக்கிலேயே வைத்து இழுத்தாள். கறிவேப்பிலையைக் கசக்கினாள். சாக்கடை ஓரம் போய் நின்று பார்த்தாள். எதுவும் இல்லை. உலகத்தில் எல்லாவற்றையும் யாரோ கழுவித் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. திரும்பி அடுப்பருகே வந்து நின்றாள்.

"அத்தை, மன்னிச்சிடுங்க, நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று ரேஷ்மா பின்னால் வந்து அவள் தோளில் சாயப் போனாள்.

"கிட்ட வராதடீ!"

அந்த வீட்டில் அப்படி ஒரு கத்தல் இதுவரை கேட்டதில்லை. ரேஷ்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். கங்கம்மா அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி வந்து வாசல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். உள்ளேயிருந்து ஆல்வின் கூப்பிடக் கூப்பிட அசையவில்லை. அரை மணி கழித்து விஷ்ணுப்ரியா தெருமுனையில் தெரிந்ததும் கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"அங்கயே நில்லு பொண்ணே. என் பேர எழுதிக்கோ."

"எதுக்கு ஆன்ட்டி?"

"காண்டாக்ட்டு. எனக்கும் என் வூட்டுக்காரருக்கும்."

ஜன்னல்கள் திறந்தன. ஆல்வின் கேட்டுக்கு வந்துவிட்டான். விஷ்ணுப்ரியா குரலைத் தாழ்த்தினாள். "எப்போ ஆன்ட்டி?"

"போன செவ்வாக்கெழம. மேல, கொட்டாயில."

"எவ்வளவு கிட்ட இருந்தீங்க?"

"புருசன் பொண்டாட்டி எவ்ளோ கிட்ட இருப்பாங்களோ அவ்ளோ கிட்ட."

அந்தப் பெண்ணின் பேனா நின்றது. ஆனாலும் ஃபாரத்தில் அடுத்த கட்டம் இருந்ததே, அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். "பதினஞ்சு நிமிஷத்துக்கு மேலயா?"

"நான் இன்னா கடியாரம் பாத்துக்கினா இருந்தேன்? மேலதான். எழுதிக்கோ. எனக்கு இப்ப வாசன தெரியல. அந்தப் புள்ளத்தாச்சி காலை ரெண்டு நாளு மடியில வச்சிருந்தேன், அதையும் எழுதிக்கோ. இன்னிக்கே வந்து எல்லாருக்கும் மூக்குல குச்சி வுட்டு எடு. உன் கால்ல வுழறேன்."

இந்த முறை ஒருத்தரும் சிரிக்கவில்லை. நாகலக்ஷ்மி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

ஆல்வினுக்கு முகம் கறுத்துவிட்டது. "உனக்கு வெக்கமா இல்ல? இந்த வயசுல இன்னாமா கேடு உங்களுக்கு? ஒரு மாசம் அடக்கிக்கினு இருக்க முடியல? நான் இல்ல? ரெண்டு மாசமா என் பொண்டாட்டி பக்கத்துல போவாம நான் இல்ல?"

"அதைப் பெருமையா சொல்லாதீங்க" என்றாள் ரேஷ்மா, உள்ளிருந்து.

அவள் வாசல்படிக்கு வந்து நின்று மாமியாரைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. "சனிக்கிழமையே சொல்லியிருந்தா நான் எங்கம்மா வீட்டுக்காவது போயிருப்பேனே அத்தை" என்றாள். "அதுல என்ன இருக்கு, ஏன் சொல்லல?"

மகன் திட்டியதெல்லாம் கங்கம்மாவுக்கு உறைக்கவில்லை. இது உறைத்தது. படியேறி மேலே போனாள்.

அன்றைக்கே மூன்று பேருக்கும் பரிசோதனை எடுத்தார்கள். இரண்டு நாள் கங்கம்மா தகரக் கொட்டகையில் அனலில் கிடந்தாள். காய்ச்சல் வந்தது, போனது. கீழே யார் இருமினாலும் எழுந்து வந்து கைப்பிடிச் சுவரில் காதை வைத்து, யாருடைய இருமல் என்று கேட்டாள். 'எனக்கு வந்ததோட நிக்கட்டும் ஆண்டவரே' என்று ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். புருஷன் போனில், "எனக்குக் காய்ச்சல் வுட்டுச்சு கங்கா" என்றார். அவளால் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஆல்வின் போனோடு படி அடிக்கு வந்து நின்றான்.

"மா. உனக்கு பாசிட்டிவ்."

"அது தெரியும்டா. மத்தது சொல்லு."

"எனக்கு நெகட்டிவ்."

"ரேஷ்மாவுக்கு?"

அவன் முதல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

விஷ்ணுப்ரியா விரலில் மாட்டிப் பார்த்த கருவியில் ரேஷ்மாவுக்கு ஆக்சிஜன் தொண்ணூற்று மூன்று காட்டியது, கர்ப்பிணிக்குத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போகக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தபோதும் தொண்ணூற்று மூன்றுதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், தலைச்சன் பிள்ளை, ஆக்சிஜன் படுக்கை கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று அவள் யார் யாருக்கோ போன் போட்டுக் கெஞ்சினாள். மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. வெள்ளை அங்கிக்குள் இருந்த ஆள், "பாசிட்டிவ் ரெண்டு பேரும் ஏறுங்க. அட்டெண்டர் யாரும் வரக்கூடாது. சார், நீங்க தள்ளி நில்லுங்க, நெகட்டிவ்தான நீங்க?" என்றான்.

கங்கம்மா முதலில் ஏறி உள்ளே உட்கார்ந்து கையை நீட்டினாள். ரேஷ்மா வண்டியின் படியில் ஒரு காலை வைத்தாள். தூக்கிய வயிற்றோடு மூச்சு வாங்கியது. அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தாள். ஆல்வின் கேட்டுக்கு உள்ளே, இரண்டு மாஸ்க்கும் கையுறையும் போட்டு, ஆறடிக்கு மேல் தள்ளியே நின்றிருந்தான்.

"எனக்கு ரொம்ப பயமா இருக்குங்க" என்றாள்.

அவன் கேட்டைத் திறந்த சத்தம்தான் கங்கம்மாவுக்குக் கேட்டது. வெள்ளை அங்கிக்காரன் "சார், சார்" என்று குறுக்கே கையை நீட்டினான். அதைத் தள்ளிவிட்டு வந்து ஆல்வின் ரேஷ்மாவை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். அவள் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்து, கிழிந்த குரலில் அழுதான்.

"டேய் வுடுடா! உனக்கும் ஒட்டிக்கும்டா!" என்று கங்கம்மா உள்ளேயிருந்து கத்தினாள். "தொடாதடா, வுடு!"

அவன் விடவில்லை. ரேஷ்மா தன் இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது முறை கத்த கங்கம்மாவுக்கு வாய் வரவில்லை.